மச்சான் உட்கார்ந்தால் சர்வர் படுத்துவிடும்

தன் வீட்டு கேட்டின் கொண்டி உடைந்தபோது, "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று ஒரு கம்பியை முறுக்கிக் கட்டினார் குறடுக்காரர். அந்தக் கம்பி துருப்பிடித்து, அதற்கு மேல் இன்னொரு கம்பியும் வந்துவிட்டது. கொண்டி மட்டும் வரவில்லை. குளியலறைக் கதவுக்கு இப்போதைக்கு ஒரு கயிறு. ஆடுகிற மேஜையின் காலுக்கு இப்போதைக்கு ஒரு மடித்த அட்டை. "என்னையும் இப்போதைக்குத்தான் கட்டிக்கிட்டீங்களா?" என்று மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள். மனிதர் அசடு வழியச் சிரித்துவிட்டு, அன்றே கேட்டைச் சரிசெய்து காட்டுகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினார். வாசலைத் தாண்டுவதற்குள் ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து போன் வந்தது. கேட் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் தொழிலில் ஆளைக் குறை சொல்ல முடியாது. ரேடியோவில் ஆரம்பித்து, டி.வி.க்குத் தாவி, கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தவர். பத்துப் பேர்கூட இல்லாத சின்னச் சின்ன ஆபீஸ்களில் ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு பேச வைப்பது அவர் பிழைப்பு. பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு குறடு துருத்திக்கொண்டு நிற்கும். ஒல்லியான தேகம். அந்தக் குறடு இல்லாவிட்டால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று கிண்டல் செய்வார்கள்.

அவர் பார்த்துக்கொண்ட ஆபீஸ்களில் ஒன்று லேபிள் ஆபீஸ். மருந்து பாட்டில், சோப்பு டப்பா, பெயிண்ட் டின் எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற லேபிளை அங்கேதான் வரைந்து அச்சுக்கு அனுப்புவார்கள். ஒரு நீளமான ஹால், ஓரத்தில் முதலாளியம்மாவின் கண்ணாடி அறை, ஜன்னல் பக்கமாக ஒரு ஸ்டோர் ரூம். வரைந்த படங்கள் எல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அதுதான் சர்வர். எல்லோரும் தங்கள் இடத்திலிருந்தபடியே அதிலிருந்து ஃபைலைத் திறந்து, அதிலேயே சேமிப்பார்கள். தங்கள் கம்ப்யூட்டரில் யாரும் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முதலாளியம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

அந்த ஆபீஸில் அவருக்கு இன்னொரு உறவும் இருந்தது. அவர் மனைவியின் அண்ணன், அவருக்கு மச்சான், அங்கேதான் வேலை பார்த்தார். அச்சாகி வருகிற லேபிளின் நிறம் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்வது மச்சானின் வேலை. ஆள் மலை மாதிரி. அவர் நடந்தால் மேஜை மேல் பேனா உருளும். ஆனால் கண் இருக்கிறதே, அடேயப்பா! இரண்டு சிவப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நமக்கெல்லாம் ஒன்றாகத் தெரியும். மச்சான் மட்டும் லென்ஸை வைத்துக்கொண்டு, "இதுல மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்பார். அச்சகத்தில் பார்த்தால் அப்படியே இருக்கும். நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் சில மாதங்களுக்கு முன் அவர் மேஜையை ஜன்னல் ஓரமாக மாற்றியிருந்தார்கள்.

தங்கையைக் கட்டியவர் என்பதால் மச்சானுக்குக் குறடுக்காரர் மேல் அப்படியொரு மரியாதை. வயதில் மூத்தவர், ஆனாலும் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று தன் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். குறடுக்காரர் வேலை முடிந்து கிளம்புகிற வரைக்கும் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "நீங்க உக்காருங்க மச்சான்" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கிற ஆளில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தலைவலி ஆரம்பித்தது.

சர்வர் இழுக்க ஆரம்பித்தது. ஒரு படத்தைத் திறந்தால் மேல்பாதி வரும், கீழ்பாதி வராது. சேமிக்கச் சொன்னால் திரையில் ஒரு பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். டிசைன் செய்கிற பெண்களில் மூத்தவள், கண்ணாடிக்காரி, போன் செய்தாள். "சார், சர்வர் படுத்துக்கிச்சு. ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிடலாம்."

குறடுக்காரர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். மச்சான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். உட்கார்ந்து ஒரு பெரிய ஃபைலைத் திறந்தால், பட்டென்று திறந்தது. இன்னொன்று, அதுவும் பட்டென்று. "நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். கண்ணாடிக்காரி தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். அங்கும் பட்டென்று. "இவ்வளவு நேரம் உயிரை எடுத்துச்சு சார், சத்தியமா!" டாக்டரைப் பார்த்ததும் இறங்கிவிடுகிற காய்ச்சல் மாதிரி இருந்தது. அவர் கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி போன். "சார், திரும்பப் படுத்துக்கிச்சு."

அதன் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வைரஸ் இருக்குமோ என்று ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் துழாவினார். ஒன்றும் இல்லை. சர்வரின் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறதோ என்று புதிதாக ஒன்றைப் போட்டார். எல்லா கேபிளும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியை மாற்றினார். சர்வரிலிருந்து அந்தப் பெட்டிக்கு வருகிற கேபிளின் இரண்டு நுனியையும் வெட்டிப் புது பின் அடித்தார். கேபிளைச் சோதிக்கிற கருவியை மாட்டிப் பார்த்தார். எல்லா விளக்கும் வரிசையாக எரிந்து அவரைப் பார்த்துக் கண்ணடித்தன. ஒவ்வொரு முறையும் அவர் இருக்கிறவரை சர்வர் குதிரை மாதிரி ஓடும். அவர் தலை மறைந்ததும் படுத்துவிடும். குறடுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்து, "எப்படிடா?" என்று கேட்டார். மனைவி சோற்றைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஏன், நல்லாத்தானே வெந்திருக்கு?" என்றாள்.

அதற்குள் ஆபீஸ்காரர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் அது வெறும் வேடிக்கைதான். மச்சான் டீ குடிக்க எழுந்து போனால் சர்வர் சுறுசுறுப்பாகிவிடுகிறது. திரும்பி வந்து உட்கார்ந்தால் சுணங்கிவிடுகிறது. "அண்ணே, இன்னொரு டீ குடிச்சிட்டு வாங்களேன், ஒரு ஃபைல் சேவ் பண்ணிக்கிறேன்" என்று கிண்டல் செய்தார்கள். மச்சானும் சிரித்துக்கொண்டே போய் வந்தார். நாளாக ஆக சிரிப்பு தேய்ந்துபோய் சந்தேகம் வந்தது. மனிதர் தன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறார், படம் கிடம் இறக்குகிறார், அதனால்தான் மற்றவர்களுக்கு இழுக்கிறது என்று பேச்சு முதலாளியம்மா காதுவரை போய்விட்டது.

முதலாளியம்மா குறடுக்காரரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். "உங்க மச்சான்னு பாக்காதீங்க. அவர் சிஸ்டத்தை நல்லா நோண்டிப் பாத்துச் சொல்லுங்க."

நோண்டினார். சுத்தமாக இருந்தது. சந்தேகமே வேண்டாம் என்று மச்சானின் கம்ப்யூட்டரை அணைத்து, அதன் கேபிளையும் பிடுங்கிப் போட்டார். "இப்ப அவருக்கும் சர்வருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இனிமே இழுத்தா எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் அணைந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, லென்ஸை எடுத்து, அச்சான தாளைப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடிக்காரியின் ஃபைல் பாதியில் நின்றது. அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் கையிலிருந்த தாளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஃபைல் திறந்தது.

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. மச்சான் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து அதுவே அவர் வழக்கமாகிவிட்டது. யாருக்காவது பெரிய ஃபைல் திறக்க வேண்டியிருந்தால் சொல்லக்கூட வேண்டாம், முகத்தைப் பார்த்தே எழுந்துவிடுவார். தாள்களை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், கைப்பிடிச் சுவரில் வைத்து, காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு நிறம் பார்ப்பார். அத்தனை பெரிய மனிதர் வாசலில் நிற்பதைப் பார்த்து, மாடி ஏறி வருகிறவர்கள் காவல்காரர் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் பதிலுக்கு வணக்கம் சொன்னார்.

முதலாளியம்மா அவரைச் சில நாள் லீவில் அனுப்பிப் பார்த்தார். அவர் இல்லாத நாளெல்லாம் சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. "இப்ப என்ன சொல்றீங்க?" என்று குறடுக்காரரைக் கேட்டார்.

இங்கேதான் மனிதர் சறுக்கினார். "எனக்கு ஒண்ணும் புரியல மேடம்" என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் இத்தனை வருஷ அனுபவம், புது டிஸ்க், புது பெட்டி எல்லாம் போட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "அவர் இருந்தா இழுக்குது, இல்லேன்னா ஓடுது. நம்ம பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்றார். நம்ம பக்கம் சரி என்றால் தப்பு யார் பக்கம்? முதலாளியம்மா பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை வரட்டும். அவர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

இது எப்படி வீடுவரை வந்ததோ, மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "எங்கண்ணன் மேல பழியைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கீங்களாமே?"

"நான் எங்க போட்டேன்? பாத்ததைச் சொன்னேன்."

"நீங்க என்ன பாத்தீங்க? நீங்க இருக்கிறப்பதான் எல்லாம் நல்லா ஓடுதாமே, அப்புறம் என்னத்தைப் பாத்தீங்க?" கரண்டியைக் கீழே வைத்தாள். "நேத்து இங்க வந்தாரு. வந்து உக்காந்ததும் கரெண்ட் போச்சு. தெரு முழுக்கத்தான் போச்சு. ஆனா 'நான் போறேம்மா, நான் இருந்தா இங்கயும் எல்லாம் கெட்டுப்போகும்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாருங்க. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. முன்னாடி வேலை பாத்த அச்சகம் மூடினதுக்கும் தன் ராசிதான் காரணமாம். முதலாளியம்மா சொல்றதுக்கு முன்னாடி நானே வேலையை விட்டுடறேன்கிறார். அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவாரு?"

ராசி கீசி என்பதில் குறடுக்காரருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு மனிதர் உட்கார்ந்தால் சர்வர் ஏன் இழுக்கிறது என்பதற்கு அவரிடம் வேறு பதிலும் கிடையாது. அதை நினைக்க நினைக்க அவருக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளியம்மா பேசுவதற்கு முன் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று குறடுக்காரர் கிளம்பினார். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. எப்போதோ பெட்ரோல் குழாயில் இப்போதைக்கு என்று சுற்றிவிட்ட டேப், சரியாக அன்றைக்குப் பார்த்து விட்டுக்கொண்டது. தலையில் அடித்துக்கொண்டு, வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்த நேரம். ஜன்னல் ஓரத்தில் மச்சான் மேஜை துடைத்து வைத்தாற்போல இருந்தது. லென்ஸ், நிற அட்டைகள், கண்ணாடிக்கூடு எல்லாம் ஒரு பைக்குள் போயிருந்தன. அந்தப் பையின் மேலேயே தலையை வைத்து மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். பல நாள் தூங்காத தூக்கம். ஸ்கூட்டர் சத்தமும் இல்லையா, ஆள் அசையவே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டாரு சார்" என்றாள் கண்ணாடிக்காரி மெல்லிய குரலில். அவள் கண் கலங்கியிருந்தது. "நாளையிலேர்ந்து வர மாட்டாராம். எழுப்பட்டுமா?"

"வேண்டாம், தூங்கட்டும். உன் சிஸ்டத்தைக் கொடு" என்று அவள் இடத்தில் உட்கார்ந்து ஒரு ஃபைலைத் திறந்தார்.

திறக்கவில்லை.

மேல்பாதி வந்தது, கீழ்பாதி வரவில்லை. பட்டை ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. குறடுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இத்தனை நாளில் அந்த வியாதியை அவர் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏன் முதல் தடவை? இதுவரை அவர் வந்தபோதெல்லாம் மச்சான் எழுந்து நின்றார். மாப்பிள்ளைக்கு மரியாதை! அந்த மரியாதைதான் ஒவ்வொரு முறையும் வியாதியை அவர் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறது. இன்றைக்கு எழவில்லை.

"யாரும் அவரை எழுப்பாதீங்க!" என்று அவர் போட்ட அதட்டலில் மச்சானைத் தவிர எல்லோரும் திடுக்கிட்டார்கள். முதலாளியம்மா கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். குறடுக்காரர் பூனை மாதிரி நடந்து மச்சானின் நாற்காலியைச் சுற்றி வந்தார். அப்புறம் தடாலென்று தரையில் மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் தலையை விட்டார். மச்சானின் பாரத்தில் நாற்காலியின் ஒரு சக்கரம் கால்மிதி விரிப்பில் ஆழமாக அமுங்கியிருந்தது. அந்த இடத்தில் விரிப்பு லேசாகப் புடைத்திருந்தது, அடியில் ஏதோ ஓடுவது போல. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

சாம்பல் நிற கேபிள். ஸ்டோர் ரூமிலிருந்து ஸ்விட்ச் பெட்டிக்குப் போகிற கேபிள். சர்வரின் ஒரே கேபிள். சக்கரத்துக்கு அடியில் அது தட்டையாக நசுங்கிக் கிடந்தது.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மேஜையை ஜன்னல் ஓரம் மாற்றிய அன்று, சுவரோரம் போயிருந்த கேபிள் மேஜைக்கு இடைஞ்சலாக இருந்தது. அதைச் சுவரிலிருந்து பிடுங்கி, விரிப்புக்கு அடியில் விட்டது அவர்தான். "இப்போதைக்கு இருக்கட்டும் மச்சான், அடுத்த தடவை வர்றப்ப சுவர்ல ஏத்திடறேன்" என்றதும் அவர்தான். சக்கரம் ஏறி ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் நைந்திருக்கின்றன. பாரம் ஏறினால் சர்வர் அனுப்பியதெல்லாம் வழியில் சிதையும், மறுபடி அனுப்பும், அதுவும் சிதையும். பாரம் இறங்கினால் ஒன்றும் தெரியாது. ஒல்லிக்குச்சி குறடுக்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை சோதனை செய்தால் என்ன? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்து மச்சான் விழித்துக்கொண்டார். கீழே பார்த்தால், தங்கையின் புருஷன் தன் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறார். மனிதர் பதறிப்போனார். "ஐயையோ மாப்ள! என்ன இது, என் கால்கிட்ட போய்! எந்திரிங்க மாப்ள!" என்று நாற்காலியின் கைகளைப் பிடித்து எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க மச்சான்!" குறடுக்காரர் அவர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு ஒரு நாள் எனக்கு மரியாதை குடுக்காம உக்காருங்க!"

மச்சான் பயந்துபோய் உட்கார்ந்தார். குறடுக்காரர் நாற்காலியைச் சற்று நகர்த்தி, சக்கரத்தை கேபிளிலிருந்து இறக்கினார். மச்சான் நாற்காலியில்தான் இருந்தார்.

"திறந்துடுச்சு சார்!" என்று கத்தினாள் கண்ணாடிக்காரி. "அண்ணன் உக்காந்திருக்காரு, ஆனா திறந்துடுச்சு!"

குறடுக்காரர் எழுந்திருக்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்து, கேபிளைக் கையில் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மேடம், தப்பு இவர் பேர்ல இல்ல. இந்த கேபிளை இங்க போட்டது நான். சோம்பேறித்தனமா விரிப்புக்கு அடியில போட்டேன். அது நான் போட்டதுன்னே மறந்துட்டேன். எனக்குப் புரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டு, இவரைக் கைகாட்டிட்டேன்." மச்சான் பக்கம் திரும்பினார். "ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மச்சான். என்னை மன்னிச்சிடுங்க."

முதலாளியம்மா மேஜை மேல் இருந்த பையை எடுத்தார். லென்ஸை வெளியே எடுத்து மச்சான் முன்னால் வைத்தார். நிற அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

மச்சான் அதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் கையிலிருந்த நசுங்கின கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், திட்டுவார் என்று குறடுக்காரர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. மச்சான் திட்டவில்லை. வராந்தா பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப இனிமே நான் வெளியே போய் நிக்க வேண்டாமா மாப்ள?"